இஞ்சு டேப்புக்கு என்ன தெரியும்?

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இந்தக் கதை தெரியாமல் இருக்காது. பழமலைநாதர் கொடுத்த 12,000 பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டார். அப்புறம் திருவாரூர் கமலாலயக் குளத்தில் இறங்கித் தேடினார். ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுகிறாரே என்று பரவையார் சிரித்தாராம். ஆனால் சுந்தரருக்குப் பொன் கிடைத்தது. அது சாமி கதை, கிடைக்கும்.

சாமி இல்லாத இடத்திலும் இதே வேலையைப் பல வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஓடுகிற தெம்பு காலிலும் இதயத்திலும் நுரையீரலிலும் இருக்கிறது. அதைத் தேடுவது மட்டும் மார்பைச் சுற்றி ஓர் இஞ்சு டேப்பைப் போட்டு! இதைப் பார்த்துச் சிரிக்கப் பரவையார் இல்லை. அழுதுகொண்டே பஸ் ஏறும் பையன்கள்தான் இருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வரலாம்.

81-ஆ, 77-ஆ, 80-ஆ?

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு மார்பளவு சாதாரணமாக 81 செ.மீ. இருக்க வேண்டும். மூச்சை இழுத்து விரித்தால் இன்னும் 5 செ.மீ. கூட வேண்டும். இராணுவத்தில் சிப்பாயாகச் சேரப் போகும் தமிழ்நாட்டுப் பையனுக்கு 77 செ.மீ. போதும், விரிவு அதே 5. மத்திய ஆயுதக் காவல் படைகளின் ஜி.டி. கான்ஸ்டபிள் தேர்வு என்றால் பொதுவாக 80, விரிவு 5.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூச்சுக் காற்றே குறைவாக இருக்கும் சியாச்சின் பனியில் துப்பாக்கியோடு நிற்க 77 செ.மீ. மார்பு போதும். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் லத்தியோடு நிற்க 81 வேண்டும்! 78 செ.மீ. மார்புள்ள ஒருவன் நாட்டைக் காக்கத் தகுதியானவன், ஆனால் தேர்த் திருவிழாவில் கூட்டத்தை ஒதுக்கத் தகுதி இல்லாதவன். இந்த நாலு செ.மீ. எந்த வேலைக்குத் தேவைப்படுகிறது? யாராவது சொல்லட்டுமே.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் பெண்கள் காவல்துறைக்கு வந்தது 1973-ல். அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது 1992-ல். பெண் காவலர் தேர்வில் உயரம் பார்க்கிறார்கள், 400 மீட்டர் ஓட விடுகிறார்கள், மார்பளவு கிடையாது. சரிதான், கூடவே கூடாது. ஆனால் அந்த அளவு இல்லாமலேயே தேர்வான பெண்கள் இத்தனை வருஷமாக ரோந்து போகிறார்கள், பந்தோபஸ்துக்கு நிற்கிறார்கள், குற்றவாளியைத் துரத்துகிறார்கள். டேப் இல்லாமல் அந்த வேலை எதுவும் நின்றுபோகவில்லை. அப்படியானால் ஆண்களுக்கு மட்டும் அந்த டேப் எதைக் கண்டுபிடிக்கிறது?

எல்லா மாநிலமும் இந்த அளவுக்குக்கூட யோசிக்கவில்லை. ராஜஸ்தானில் வனக் காவலர் வேலைக்கு வந்த பெண்களின் மார்பையும் டேப் வைத்து அளந்தார்கள். 2023 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம், வழக்குப் போட்ட பெண்களின் மனுவை ஏற்காவிட்டாலும், இந்த வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தது. இது பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கிறது, நுரையீரல் வலுவைப் பார்க்க வேறு வழி தேடுங்கள் என்கிற ரீதியில் சொன்னது. வேறு வழி இருக்குமென்றால் அது ஆண்களுக்கும்தானே இருக்கும்?

இந்த டேப் எங்கிருந்து வந்தது?

பெல்ஜியத்தில் அடோல்ஃப் கெட்லே என்று ஒருவர் இருந்தார். வானியல் அறிஞர். நட்சத்திரங்களைக் கணக்குப் போட்டவர் மனிதர்களையும் கணக்குப் போட ஆரம்பித்தார். 5,738 ஸ்காட்லாந்து சிப்பாய்களின் மார்பளவுகளை எடுத்துக்கொண்டு, அவை ஒரு சராசரியைச் சுற்றி மணி வடிவத்தில் பரவிக் கிடப்பதை 1846-ல் காட்டினார். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கும் அவருடையதுதான். அதற்கு பி.எம்.ஐ. என்று 1972-ல் பெயர் வைத்தவர் அமெரிக்காவின் ஆன்செல் கீஸ்.

கெட்லே தேடியது 'சராசரி மனிதனை'. ஒரு கூட்டத்தைப் புரிந்துகொள்ளத்தான் அந்தக் கணக்கு. கூட்டத்தில் ஒருவனைக் காலரைப் பிடித்து வெளியே தள்ளுவதற்கு அல்ல. நூறு பேரின் சராசரி செருப்பு சைஸ் 8 என்றால் 7 சைஸ் கால்காரனுக்கு நடக்கத் தெரியாது என்று யாராவது சொல்வார்களா?

வேடிக்கை என்னவென்றால், கெட்லே மார்பளவுக் கணக்கை வெளியிட்ட அதே 1846-ல் இங்கிலாந்தில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் ஸ்பைரோமீட்டரைப் பற்றி எழுதினார். ஊதினால் நுரையீரலில் எவ்வளவு காற்று பிடிக்கும் என்று நேராகவே சொல்லும் கருவி. அந்தக் கொள்ளளவு ஆளின் உயரத்தோடு சேர்ந்து ஏறுகிறது என்றும் அவர் காட்டினார். கருவி வந்து நூற்று எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தேர்வு மைதானத்துக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. விருத்தாசலம் ஜங்ஷனில் எத்தனை ரயில் வந்து போயிருக்கும், இது மட்டும் என்ன வண்டியில் வருகிறதோ!

அமெரிக்கக் கப்பற்படையின் கணக்கு

இப்போது ஜிம்முக்குப் போகும் பையன்கள் கையில் இன்னொரு டேப் கணக்கு இருக்கிறது. கழுத்துச் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு, உயரம் மூன்றையும் போட்டால் உடம்பில் எத்தனை சதவீதம் கொழுப்பு என்று செல்போன் சொல்லிவிடும். இது 1984-ல் அமெரிக்கக் கப்பற்படையின் சான் டியாகோ ஆய்வு நிலையத்தில் ஹாட்ஜ்டன், பெக்கெட் என்ற இருவர் உருவாக்கியது. பெண்களுக்குப் புட்டத்தின் சுற்றளவும் சேரும்.

அதன் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அமெரிக்கப் படை உயரம் - எடை அட்டவணையை வைத்து ஆள் எடுத்தது. கப்பற்படை மருத்துவர்கள் வெல்ஹாம், பென்கே இருவரும் 25 தொழில்முறை கால்பந்து வீரர்களைப் பிடித்து வந்து தண்ணீருக்குள் வைத்து எடை போட்டார்கள். கொழுப்பு தண்ணீரில் மிதக்கும், தசையும் எலும்பும் அமிழும். ஆகவே தண்ணீருக்குள் எடை பார்த்தால் உடம்பின் அடர்த்தி தெரியும், அடர்த்தியிலிருந்து கொழுப்பு தெரியும். அந்த 25 பேரில் 17 பேர் அட்டவணைப்படி 'அதிக எடை, இராணுவத்துக்கு லாயக்கில்லை'. தண்ணீர் சொன்னதோ, அவர்கள் உடம்பில் கொழுப்பு குறைவு, எல்லாம் தசை என்று! 1942-ல் இது அச்சில் வந்தது. அட்டவணை தோற்றது, தண்ணீர் ஜெயித்தது.

ஆனால் ஒவ்வொரு சிப்பாயையும் தொட்டியில் முக்கி எடுக்க முடியாதே. அதனால்தான் டேப். அதாவது டேப் கணக்கு கொழுப்பை அளக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி என்ன சொல்லியிருக்கும் என்று ஊகிக்கிறது, அவ்வளவுதான். இந்த ஊகம் ஏறக்குறைய 3.5 சதவீதப் புள்ளி முன்னே பின்னே போகும் என்பது அந்த ஆய்விலேயே தெரிந்த விஷயம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பையன், 170 செ.மீ. உயரம், இடுப்பு 85, கழுத்து 37. கணக்குப்படி கொழுப்பு 18.6 சதவீதம். இப்போது டேப்பைப் பிடிப்பவர் கொஞ்சம் தளர்த்தி இடுப்பை 87 என்றும், கழுத்தை இறுக்கி 36 என்றும் எழுதினால் 20.8. மாறாக இடுப்பை இறுக்கி 83, கழுத்தைத் தளர்த்தி 38 என்றால் 16.2. அதே பையன், அதே நாள், அதே உடம்பு. அமெரிக்க இராணுவம் பல வருஷமாக 17 முதல் 20 வயது ஆண்களுக்கு வைத்திருந்த உச்ச வரம்பு 20 சதவீதம். ஒரு கைக்கு இவன் பாஸ், இன்னொரு கைக்கு ஃபெயில்!

இதில் பெரிய கூத்து கழுத்து. கணக்கில் இடுப்பிலிருந்து கழுத்தைக் கழிக்கிறார்கள். ஆகவே இடுப்பில் 1 செ.மீ. குறைப்பதும் கழுத்தில் 1 செ.மீ. ஏற்றுவதும் ஒன்றுதான். தொப்பையைக் கரைக்க முடியாதவன் கழுத்தைத் தடியாக்கினால் போதும், 'கொழுப்பு குறைந்தவன்' ஆகிவிடுவான்.

அமெரிக்கர்களுக்கே இது புரிந்துவிட்டது. 2023 மார்ச்சில் அமெரிக்க இராணுவம், உடல்திறன் தேர்வில் 600-க்கு 540-ம் அதற்கு மேலும், ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 80-ம் எடுத்தவர்களுக்கு டேப்பே வேண்டாம் என்றது. அதே வருஷம் ஜூனில் கழுத்தையெல்லாம் விட்டுவிட்டு வயிற்றுச் சுற்றளவு, எடை இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளும் புதுக் கணக்குக்கு மாறியது. டேப்பைக் கண்டுபிடித்தவர்களே டேப்பைவிட ஓட்டத்தை நம்புகிறார்கள். இங்கே?

செராமிக் ஊருக்குத் தெரிந்தது

விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது, செராமிக் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கும் அரசு கல்வி நிலையமும் இருக்கிறது. சூளைப் பக்கம் போன யாரையும் கேளுங்கள். பச்சை மண்ணில் செய்த கோப்பை காய்ந்தால் சுருங்கும், சூளையில் வெந்தால் இன்னும் சுருங்கும். சூளைக்கு முன்னால் எடுத்த சுற்றளவு சூளைக்குப் பின்னால் செல்லாது. 18 வயதுப் பையனும் சூளைக்குப் போகாத கோப்பைதான். பயிற்சிப் பள்ளியில் மாதக்கணக்கில் வேகப் போகிறவனைப் பச்சை மண்ணாக இருக்கும்போதே ஒரு செ.மீ. குறைகிறது என்று உடைத்துப் போடுவது எந்தத் தொழில் நியாயம்?

இரண்டு கோப்பை ஒரே சுற்றளவில் இருக்கலாம். ஒன்று தண்ணீரைக் குடிக்கும், இன்னொன்று குடிக்காது. நல்ல போர்சலின் தன் எடையில் அரை சதவீதம்கூடத் தண்ணீர் உறிஞ்சாது, சாதாரண மண் பாண்டம் பத்து சதவீதத்துக்கு மேலும் குடிக்கும். இதைக் கண்டுபிடிக்க அங்கே டேப் எடுப்பதில்லை. காய்ந்த எடை, ஊறிய எடை, தண்ணீருக்குள் தொங்கவிட்ட எடை என்று மூன்று எடை பார்ப்பார்கள். வெல்ஹாமும் பென்கேயும் வீரர்களுக்குச் செய்த அதே வேலை! மின்கம்பத்துக்குப் போகும் இன்சுலேட்டரை மின்சாரம் பாய்ச்சிச் சோதிப்பார்கள். அதன் இடுப்பை அளந்து பார்த்து 'இது மின்சாரம் தாங்கும்' என்று யாரும் சீட்டுக் கொடுப்பதில்லை.

இவ்வளவு ஏன், சந்தையில் பானை வாங்கும் ஆயா கூட விரலால் தட்டி, சத்தத்தைக் கேட்டுத்தான் வாங்குவார். மண் பானைக்குக் கிடைக்கும் மரியாதை மனுஷப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டாமா?

"ஆனாலும் ஒரு வடிகட்டி வேண்டுமே!"

இந்தப் பக்கம் பேசுகிறவர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும்.

ஒன்று: லட்சக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது, சீக்கிரம் கழித்துக்கட்ட ஏதாவது வேண்டும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடச் சொல்வதும் அதே தேர்வில் இருக்கிறது. ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு மைதானம், ஒரே நேரத்தில் பல பேர். டேப்பைவிடச் சீக்கிரமாக வடிகட்டும். கூத்து எங்கே என்றால், காவலர் தேர்வில் முதலில் டேப், அப்புறம்தான் ஓட்டம். 80 செ.மீ. மார்புள்ளவன் ஓடவே விடப்படாமல் வீட்டுக்குப் போகிறான். அவன் 5 நிமிஷத்தில் ஓடுவானா என்பது கடைசி வரை யாருக்கும் தெரியாது.

இரண்டு: கொழுப்பு உண்மையான பிரச்சினை இல்லையா? உண்மைதான், அதுவும் இந்தியர்களுக்குக் கூடுதலாக. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் 2004-ல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடல் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2! ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கும். வயிற்றுச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை என்று இந்திய மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். ஆகவே வயிற்றை அளக்கும் டேப்புக்கு ஒரு வேலை உண்டு, அது எச்சரிக்கை மணி அடிக்கும் வேலை.

ஆனால் மார்பை அளக்கும் டேப் என்ன செய்கிறது? அதற்குக் கொழுப்பும் தசையும் ஒன்றே. மார்பில் சதை போட்டவன் 84 காட்டிப் போய்விடுவான். தினமும் பத்து கிலோமீட்டர் ஓடி ஒடிசலான 79 செ.மீ. பையன் வெளியே. கொழுப்பைத் தடுக்க வைத்ததாகச் சொல்லும் வேலி, கொழுத்த ஆட்டை உள்ளே விட்டு ஓடுகிற ஆட்டைத் தடுக்கிறது!

பயில்வான்களுக்கும் இதே கதிதான். இராணுவ அதிகாரித் தேர்வின் மருத்துவ விதியில் மல்யுத்தம், குத்துச்சண்டை, உடற்கட்டு செய்கிறவர்களுக்கு எடைச் சலுகை இருக்கிறது. கூடவே அவர்களும் பி.எம்.ஐ. 25-ஐத் தாண்டக் கூடாது என்று நிபந்தனை. 170 செ.மீ. உயர மல்யுத்த வீரன் என்றால் 72 கிலோ சொச்சம். சலுகை என்று ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் வாங்கிக்கொள்வது இதுதான். 2023-ல் அசாம் காவல்துறையிலும் பி.எம்.ஐ. 30-ஐத் தாண்டியவர்களுக்குக் கெடு வைத்து, குறைக்காவிட்டால் விருப்ப ஓய்வு என்றார்கள். நோக்கம் நல்லது. கருவி மட்டும் அதே கெட்லே காலத்துக் கருவி.

மூன்று: டேப் லஞ்சம் வாங்காது, எல்லாருக்கும் ஒரே அளவு என்பார்கள். டேப் வாங்காது, ஒத்துக்கொள்ளலாம். ஆனால் டேப் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளாதே! எவ்வளவு இறுக்குவது, எந்த உயரத்தில் சுற்றுவது, எந்த மூச்சில் படிப்பது எல்லாம் ஒரு மனிதரின் கையில். இரண்டு பேர் அளந்தால் இரண்டு எண் வருவது யாருடைய குற்றமும் இல்லை, டேப்பின் இயல்பு அது. தெருமுனைத் தையல்காரருக்கு இது தெரியும். அதனால்தான் சட்டை தைக்கும்போது உள்ளே ஒரு இஞ்சு மடித்து விடுகிறார். ஒரு சட்டைக்கு விடும் இடத்தை ஒரு வாழ்க்கைக்கு விட மாட்டேன் என்கிறது விதி.

என்ன செய்யலாம்?

டேப்பைத் தூக்கி மணிமுத்தாற்றில் போடு என்று சொல்லவில்லை. அதன் இடத்தில் வை என்பதுதான் கோரிக்கை.

முதலில் ஓடவிடுங்கள். ஓட்டம், கயிறு ஏறுதல், தாண்டுதல் முடிந்த பிறகு மற்றதெல்லாம். இரண்டாவது, மார்பளவை எடுத்துவிடுங்கள். நுரையீரல்தான் கவலை என்றால் மருத்துவப் பரிசோதனையில் ஸ்பைரோமீட்டர் வைத்து ஊதச் சொல்லுங்கள், அது பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கண்ணியத்தோடு நடக்கும். மூன்றாவது, எங்கே டேப் வைத்தாலும் மூன்று முறை அளந்து, டேப்பின் பிழைக்குள் விழுகிறவனுக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுங்கள். கொலைக் குற்றவாளிக்கே அது கிடைக்கிறது! நான்காவது, வயிற்றுச் சுற்றளவை வேலைக்குச் சேர்ந்த பிறகு வருஷா வருஷம் பாருங்கள், தண்டிக்க அல்ல, சர்க்கரையும் இதய நோயும் வருவதற்கு முன்னால் தடுக்க. பகல் ராத்திரி பார்க்காமல் நின்றுகொண்டே டூட்டி பார்க்கும் காவலருக்கு அந்த டேப்தான் உண்மையில் உதவும்.

விடியற்காலையில் ரோட்டோரம் ஓடுகிற பையன்களைப் பார்த்திருப்பீர்கள். காலில் கிழிந்த ஷூ, சிலருக்கு அதுவும் இல்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று ஓடுகிறார்கள். அப்பா விற்ற ஆடும், அம்மா அடகு வைத்த தோடும் அந்த ஓட்டத்தில் இருக்கிறது. அவர்கள் தோற்கலாம், தப்பில்லை. ஓடித் தோற்கட்டும். ஏறித் தோற்கட்டும். தன்னைவிட வேகமாக ஓடியவனிடம் தோற்றேன் என்று வீட்டில் போய்ச் சொல்ல ஒரு வார்த்தையாவது இருக்கும்.

ஒரு சென்டிமீட்டரிடம் தோற்றவன் வீட்டில் போய் என்ன சொல்வான்?

சுந்தரர் பொன்னை ஆற்றில் போடும் முன் ஒரு துண்டை வெட்டி மச்சமாக வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அதோடு உரசிப் பார்த்து மாற்றுக் குறைகிறது என்று கண்டுபிடித்தார். கடவுள் கொடுத்த பொன்னையே உரசித்தான் பார்த்திருக்கிறார், சுற்றளவு பார்க்கவில்லை. பிள்ளைகளையும் உரசிப் பாருங்கள். மைதானம் இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது. அதற்கு மேல் என்ன வேண்டும்?